சுற்றாத டிஸ்க்

2024 மார்ச் 2, சனி

4 டிபி ஹார்ட் டிஸ்க் இன்று கைக்கு வந்தது. அப்பாவின் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றும் வேலை பாதியில் நிற்கிறது, பழைய 500 ஜிபி டிஸ்க் நிரம்பிவிட்டது. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபிக்கு மேல் பிடிக்கிறது. தரத்தைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. சில கேசட்டுகளில் நாடா இப்போதே உதிர்கிறது, இன்னொரு முறை ஓடுமோ என்னவோ.

கணினி 2008இல் வாங்கியது. அதில் பிசிஐ என்ற பழைய வகை ஸ்லாட்டில் செருகியிருக்கும் சவுண்ட் கார்டுக்காகத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். இப்போது வரும் மதர்போர்டுகளில் அந்த ஸ்லாட்டைப் பார்ப்பதே அரிது.

டிஸ்க்கை மாட்டி ஆன் செய்தேன். பயாஸில் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் மதர்போர்டின் நிரல்) பழைய டிஸ்க் இருக்கிறது, டிவிடி டிரைவ் இருக்கிறது. புதியதன் இடம் காலி.

மார்ச் 3, ஞாயிறு

வழக்கமாகச் செய்யும் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். டிவிடி டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி இதற்குப் போட்டேன். போர்ட்டை மாற்றினேன். பயாஸில் எல்லா போர்ட்டும் எனேபிள் ஆகியிருக்கிறதா என்று பார்த்தேன், ஆகியிருக்கிறது. மதர்போர்டின் சிஆர் 2032 பேட்டரியையும் மாற்றினேன். பலனில்லை.

கணினி டிஸ்க்கோடு பேசும் முறை பயாஸில் ஐடிஇ என்ற பழைய வகையாக இருந்தது; அதை ஏஹெச்சிஐ என்ற புதிய வகையாக்கியும் பார்த்துவிட்டு, பழையபடியே வைத்தேன். என்னிடம் இருப்பது லினக்ஸ், அதனால் பயமில்லை. பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்கான டிரைவர் இல்லாமல் இதை மாற்றினால் கணினி நீலத்திரையில் நின்றுவிடும்.

லினக்ஸின் பூட் செய்திகளில் அந்த போர்ட்டுக்கு நேரே 'லிங்க் டவுன்' என்றிருக்கிறது. கேபிளின் மறுமுனையில் யாரும் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம்.

வேகப் பொருத்தமின்மை பற்றியும் படித்தேன். வியா விடி 8237 மாதிரி சில பழைய சிப்கள் 1.5 ஜிகாபிட் வேகத்துக்கு மட்டும் செய்யப்பட்டவை. அதைவிட வேகமான டிஸ்க்கை மாட்டினால், இருவருக்கும் பொதுவான வேகத்துக்கு இறங்கிவரத் தெரியாமல் அப்படியே நின்றுவிடும். டிஸ்க்கில் ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சின்ன மூடி) போட்டு வேகத்தைக் குறைப்பதுதான் அதற்கு வழி. ஆனால் என் போர்டு 3 ஜிகாபிட், இன்டெல் சிப்செட். இது என் பிரச்சினை அல்ல.

மார்ச் 4, திங்கள்

திருப்பி அனுப்பிவிடலாம் என்று பெட்டியில் வைத்தே விட்டேன். அதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று அண்ணன் மகனிடம் கொடுத்தனுப்பினேன். இரவு போன் செய்தான்.

"அத்தை, டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. போட்டதும் வந்திடுச்சு, 4 டிபியும் காட்டுது."

சந்தோஷப்படுவதா, குழம்புவதா என்று தெரியவில்லை. அப்புறம் அவன் ஒன்று கேட்டான்: "அங்க போட்டப்ப சுத்துற சத்தம் கேட்டுச்சா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு நாளும் திரையைத்தான் பார்த்திருக்கிறேன். ஆன் ஆகியிருக்கும்போது டிஸ்க்கைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 6, புதன்

டிஸ்க் திரும்பி வந்தது. இன்று டேட்டா கேபிளே இல்லாமல் பவர் மட்டும் கொடுத்து, மேலே விரலை வைத்துக்கொண்டு ஆன் செய்தேன். சின்ன அதிர்வுகூட இல்லை. கல் மாதிரி இருந்தது.

ஆஃப் செய்துவிட்டு, அதே பவர் பிளக்கைப் பழைய டிஸ்க்கில் செருகினேன். உடனே விரலுக்கடியில் நடுக்கம், மெல்லிய இரைச்சல். ஆக, பிளக்கில் கரண்ட் வருகிறது. டிஸ்க்கும் வேறிடத்தில் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்தால் மட்டும் ஓடவில்லை. ராத்திரி வெகுநேரம் இதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

மார்ச் 7, வியாழன்

கிடைத்துவிட்டது!

சாட்டா பவர் பிளக்கில் 15 பின்கள். முதல் மூன்றும் முன்பு 3.3 வோல்ட்டுக்கு ஒதுக்கப்பட்டவை. டிஸ்க்குகள் பெரும்பாலும் 5 வோல்ட்டிலும் 12 வோல்ட்டிலுமே ஓடிவிடுவதால் அதை யாரும் அதிகம் பயன்படுத்தவில்லை. 2016இல் வந்த சாட்டா விதிமுறையின் 3.3ஆம் பதிப்பு (இந்த 3.3 பதிப்பு எண், வோல்ட் அல்ல) மூன்றாவது பின்னுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டது. அதில் மின்னழுத்தம் வந்தால் டிஸ்க் தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும். டேட்டா சென்டரில் ஒரு டிஸ்க் உறைந்துபோனால், ஆள் போய்க் கழற்றி மாட்டாமல் தொலைவிலிருந்தே அணைத்து எழுப்புவதற்கான ஏற்பாடு. இந்த வசதி எல்லா டிஸ்க்கிலும் கிடையாது, சர்வர்களுக்கென்று வரும் பெரிய டிஸ்க்குகளில்தான் அதிகம். என்னுடையதும் அந்த ரகம்.

என் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) பழைய விதிப்படி அந்தப் பின்னுக்கு 3.3 வோல்ட்டை விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. 'அணைந்தே இரு' என்ற கட்டளையாக டிஸ்க் அதை எடுத்துக்கொள்கிறது. பழுது என்று எதுவுமே இல்லை. எட்டு வருட இடைவெளியில் ஒரே பின்னுக்கு இரண்டு அர்த்தம், அவ்வளவுதான்.

பிளக்குக்குப் போகும் வயர்களை எண்ணினேன். மஞ்சள், சிவப்பு, இரண்டு கறுப்பு, கூடவே ஓர் ஆரஞ்சு. ஆரஞ்சுதான் 3.3 வோல்ட். அண்ணன் மகனையும் எண்ணச் சொன்னேன். "எல்லாமே கறுப்பு அத்தை, ஆனா நாலே வயர்தான்" என்றான். அவனுடையதில் 3.3 வோல்ட் வயரே இல்லை, அதனால்தான் அங்கே ஓடியிருக்கிறது.

மார்ச் 9, சனி

மூன்றாவது பின்மேல் மின்சாரம் கடத்தாத கேப்டன் (Kapton) டேப் ஒட்டி மறைப்பது ஒரு வழி. அந்த மெல்லிய பின்னில் டேப் நகர்ந்துவிடுமோ என்று எனக்குப் பயம். எஸ்எம்பிஎஸ்ஸில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த மோலெக்ஸ் பிளக்கை (பழைய வகை நான்கு பின் பவர் பிளக்) எடுத்தேன். அதில் 5, 12 வோல்ட் மட்டும்தான் வரும், 3.3 கிடையாது. மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வயர் ஒன்று போதும். ஆனால் பார்த்து வாங்க வேண்டும். வயர்களை ஒரே கட்டியாகப் பிளாஸ்டிக்கில் வார்த்த ரகம் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. வயர்கள் தனித்தனியாகப் பின்னில் கடித்துப் பொருத்தப்பட்ட ரகத்தைத் தேடி எடுத்தேன்.

ஆன் செய்தேன். விர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. கண் கலங்கிவிட்டது.

ஆனால் பயாஸ் அதை 1801 ஜிபி என்கிறது. ஒரு நிமிடம் நெஞ்சு திக்கென்றது, அப்புறம் கணக்குப் போட்டேன். என் பயாஸ் செக்டர்களை (டிஸ்க் பிரிக்கப்பட்டிருக்கும் சின்னத் துண்டுகள்) 32 பிட்டில் எண்ணுகிறது. செக்டருக்கு 512 பைட் என்றால் சுமார் 2,199 ஜிபியோடு எண் தீர்ந்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. டிஸ்க்கின் 4,000 ஜிபியில் அதைக் கழித்தால் வருவது இந்த 1801. லினக்ஸ் பயாஸைக் கேட்பதில்லை, நேராக டிஸ்க்கிடமே கேட்கிறது. அதில் முழு 4 டிபியும் தெரிந்தது. டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பழைய முறையான எம்பிஆருக்கும் அதே 2.2 டிபி எல்லை இருப்பதால், புதிய முறையான ஜிபிடி போட்டேன். பூட் ஆவது பழைய டிஸ்க்கிலிருந்தே என்பதால் பயாஸுக்கு இதில் வேலை இல்லை.

ஃபார்மேட் செய்யும் முன் டிஸ்க்கின் சீரியல் எண்ணை மூன்று முறை சரிபார்த்தேன். தவறிப்போய்ப் பழைய டிஸ்க்கை அழித்துவிட்டால் அப்பாவின் குரல் போய்விடும்.

மார்ச் 10, ஞாயிறு

இரவு முழுக்க ஸ்மார்ட் (டிஸ்க் தன்னைத்தானே பரிசோதித்துக்கொள்ளும் வசதி) நீள் சோதனை ஓடியது. ஒரு பிழையும் இல்லை. காலையிலிருந்து பழைய பதிவுகளைப் புதியதுக்கு நகலெடுத்தேன். சரிபார்க்கும் வரை மூலத்தை அழிக்கப்போவதில்லை.

மாலை ஐந்து மணிக்குப் பதினேழாவது கேசட்டைப் போட்டேன். முதல் பக்கம் முடிந்து, இப்போது 'பி' பக்கம் ஓடுகிறது.