12 புள்ளிக்குள்ள ஒரு எழுத்து

“ஏம்ப்பா, கிராஸ் ஸ்டிச்சுக்கா கட்டம் போடுற?”

காரைக்குடி வீட்டு வளவுல லேப்டாப்போட உக்காந்திருந்தேன். அப்பத்தா பின்னாடி நின்னு கேட்டாக.

திரையில இருந்தது ஆர்க் பிக்சல். சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்கான ஓப்பன் சோர்ஸ் ஃபான்ட். 10, 12, 16 பிக்சல், அதாவது திரைப் புள்ளி, உயரம்னு மூணு அளவு. பழைய வீடியோ கேம்ல வர்ற அதே சதுர எழுத்து.

ஜப்பான்ல மனச்சோர்வுக்கு எழுதுற ஒரு எழுத்துக்கு 29 கோடு.

12 புள்ளி உயரத்துல கோடு, இடைவெளி, கோடுன்னு வச்சா படுக்கைக் கோடு ஆறுக்கு மேல நிக்காது. அதனால சிலதை விழுங்கிட்டு, வாசிக்கிற கண்ணு ஏமாறுற அளவுக்கு மட்டும் மிச்சம் வைக்கணும். என்ன குசும்பு!

கொரிய அசைகள் மட்டுமே யூனிகோடில் 11,172. இத்தனையையும் கட்டம் கட்டமா அடைக்க உக்காந்தவுகளுக்கு ரொம்பத்தான் பொறுமை.

லைசென்சும் தாராளம். காசுக்கு விக்கிற கேம்லயும் சேர்த்துக்கலாம். ஃபான்ட்டை மட்டும் தனியா விக்கக்கூடாது.

அந்த மூணு மொழிக்காரவுகளுக்காவது பெரும்பாலும் நேர்க்கோடு. நம்ம ‘ணூ’வோட சுழியை 12 புள்ளிக்குள்ள யாராவது அடக்கிப் பார்த்திருக்கீகளா? படம் இருந்தா கமெண்ட்ல போடுங்க.