நடுவில் படுத்தால் நல்ல தூக்கமா?

ஒரு கண் தூங்கினாலும் மறு கண் தூங்காது என்று சொல்வோம் இல்லையா, வாத்துக்கு அது அப்படியே உண்மை. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மல்லார்ட் வாத்துகளை வரிசையாக இருக்கவைத்துத் தூங்கும்போது கவனித்தார்கள். நடுவில் இருந்தவை பெரும்பாலும் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டன. ஓரத்தில் இருந்தவையோ அடிக்கடி ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தன, அதுவும் துணை இல்லாத வெளிப்பக்கத்தைப் பார்த்த கண்ணை. மூளையில் ஒரு பாதி தூங்க, மறு பாதி காவல்.

சரி, நடுவில் இடம் கிடைத்தால் யோகம்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பெங்குவின்களைப் பற்றிப் படித்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

அண்டார்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில் கூடு காக்கும் சின்ஸ்டிராப் பெங்குவின்களின் மூளை அலைகளைப் பதிவு செய்து 2023இல் வெளியிட்டார்கள். அவற்றின் தூக்கம் ஒவ்வொன்றும் சராசரி 4 நொடிதான்! தலை சாயும், கண் மூடும், உடனே திறக்கும், மறுபடி மூடும், இப்படியே ஒரு நாளில் 10,000 தடவைக்கு மேல், மொத்தம் கூட்டினால் 11 மணி நேரத்துக்கும் மேல் வருகிறது. கோழித்தூக்கம் என்கிறோமே, அதெல்லாம் இதன் முன்னால் ஆழ்ந்த உறக்கம். ஸ்குவா பறவை முட்டையைத் தூக்கிப்போவது ஓரத்துக் கூடுகளில்தான் எளிது, ஆனாலும் நடுவில் இருந்தவற்றுக்குத்தான் தூக்கம் அதிகமாகத் துண்டாகியது. அக்கம்பக்கத்துச் சத்தமும் இடித்துக்கொள்வதும் சண்டையும் அங்கே ஓயாது போல.

எனக்கு மனம் ஒட்டிப்போனது கென்யாவின் பபூன் குரங்குகளிடம். கழுத்துப்பட்டையில் அசைவுமானியும் ஜிபிஎஸ்ஸும் மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் கூட்டாளிகள் அதிகமாக இருந்த இரவுகளில் அவை குறைவாகத் தூங்கின, பழகாத இடத்திலும் அப்படியே. முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை, பகலெல்லாம் அலைந்து களைத்தாயிற்று என்றாலும் அன்றிரவு அதை ஈடுகட்டவில்லை. தூக்கக் கடனை உடம்பு எப்படியும் வசூலித்துவிடும் என்று நாம் நம்புவது, பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் அடைபட்ட விலங்குகளைப் பார்த்துக் கற்றது. அங்கே கிளையில் இடித்துக்கொண்டு உட்காரக் கூட்டாளியும் இல்லை, கீழே சிறுத்தையும் இல்லை.