செஸ்ட் ரிக் கட்டிப் பழகிய ஐந்து ஞாயிறு

எயார்சொஃப்ட் விளையாடத் தொடங்கி எட்டு மாதமாகிறது. போலித் துவக்கால் சின்னப் பிளாஸ்ரிக் குண்டு சுட்டு ஆடும் சண்டை விளையாட்டு. கென்ட் பக்கம் ஒரு காட்டில், இரண்டு கிழமைக்கு ஒரு ஞாயிறு. முதல் மூன்று ஆட்டமும் வாடகைத் துவக்குத்தான். நிஜத் துவக்கு மாதிரியே இருக்கும் ஒன்றைச் சொந்தமாக வாங்க, இங்கிலாந்தில் பதினெட்டு வயது தாண்டியிருந்தால் மட்டும் போதாது. உண்மையாகவே விளையாடுகிற ஆள் என்று காட்டவும் வேண்டும். அதற்குத்தான் யூக்காரா (UKARA) என்ற ஆட்டக்காரர் பதிவு. 56 நாளுக்குக் குறையாத காலத்தில் மூன்று ஆட்டமாவது ஆடியிருந்தால்தான் அதைத் தருவார்கள்.

வாடகைத் துவக்கோடு வந்தது ஹை-கப் மகசீன், அதாவது நிறையக் குண்டு கொள்ளும் கூடு. அடியில் ஒரு சில்லு இருக்கும். அதைத் திருகத் திருக உள்ளே கிடக்கும் முந்நூறு குண்டும் மேலே ஏறும். நாள் முழுக்க ஒன்றே போதும். ஆனால் ஓடினால் கிலுகிலுப்பை. பற்றைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறவனை முக்கால்வாசி நேரம் காட்டிக்கொடுப்பது அந்தச் சத்தம்தான். அதனால் சொந்தத் துவக்கு வந்தவுடன் மிட்-கப்புக்கு மாறினேன். ஸ்பிரிங் வைத்தது, 120 குண்டு, சத்தமில்லை. அப்போதுதான் ஐந்து மகசீனை எங்கே வைப்பது என்ற பிரச்சினை வந்தது. காற்சட்டைப் பையில் வைத்து ஓடிப் பார்த்தேன். ஒன்று சேற்றுக்குள் போனது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அதற்குத்தான் செஸ்ட் ரிக், மகசீன் பைகளை நெஞ்சில் கட்டிக்கொள்ளும் வார்ப்பட்டி. முதல் ரிக்கை ஒன்லைனில் மலிவாக வாங்கினேன். படத்தில் பார்க்க விசேசமாக இருந்தது. முன்னால் எட்டு மகசீன், இரண்டு இரண்டாக அடுக்கி. பக்கத்தில் ரேடியோப் பை, வரைபடப் பை, கைத்துப்பாக்கி உறை. என்னிடம் ரேடியோவும் இல்லை, கைத்துப்பாக்கியும் இல்லை. இடம் இருக்கிறதே என்று தண்ணீர்ப் போத்தல், சொக்லேட், மேலதிகக் கையுறை, ஸ்குறூட்ரைவர் எல்லாவற்றையும் அடைத்தேன். கூட வருகிற நண்பன் பார்த்துவிட்டு, “மச்சான், நீ விளையாட வந்தனியோ, வீடு மாற வந்தனியோ?” என்றான்.

அன்றைக்குத் தெரிந்த விசயம், ரிக்கை நின்றுகொண்டு போட்டுப் பார்த்து வாங்கக் கூடாது. கண்ணாடிக்கு முன்னால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. காட்டில் குப்புறப் படுத்தபோது நெஞ்சுக்கும் நிலத்துக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்த மாதிரி. விழுந்த மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தேன் என்று நான் நினைத்தேன். தலை மட்டும் மேலே நின்றது. இரண்டு தரம் அதிலேயே அடி வாங்கினேன். முழங்காலில் இருந்தால் பையின் அடி தொடையில் முட்டி, முழு ரிக்கும் தாடைக்கு ஏறியது. மூடிகள் வேறு வெல்க்ரோ. திறக்கும் ‘சர்ர்’ பக்கத்து வயலுக்குக் கேட்டிருக்கும்.

இரண்டாவது ரிக், வெறும் பலகை மாதிரி ஒன்று. 500 டெனியர் நைலோன். டெனியர் என்பது 9,000 மீற்றர் நூல் எத்தனை கிராம் என்ற கணக்கு. 1000 டெனியர்தான் உறுதி என்று பலர் அடித்துச் சொல்வார்கள். நிஜ மகசீன் முப்பது குண்டோடு ஏறக்குறைய அரைக் கிலோ வரும், அதைச் சுமக்க வேண்டுமென்றால் சரி. என்னுடைய பிளாஸ்ரிக் மிட்-கப்பைச் சமையலறைத் தராசில் வைத்தேன், 130 கிராம். ரிக்கில் வைக்கும் நாலும் சேர்ந்து ஒரு கிலோ மா பைக்கற்றின் பாதி. இதற்கு எதற்கு 1000?

பலகையில் வரிவரியாக நாடா தைத்திருக்கும். மொலே என்பார்கள். நாடா 25 மில்லிமீற்றர், இடைவெளியும் 25, ஒவ்வொரு 38 மில்லிமீற்றருக்கும் ஒரு தையல். எந்தக் கம்பனியின் பையும் எந்த ரிக்கிலும் பொருந்துவது இந்த அளவால்தான். மகசீன் பையின் பின்னால் இரண்டு வார் தொங்கும். அதை ரிக்கின் நாடாக்களுக்குள் மேலிருந்து கீழே நேராக இழுத்து, அடியில் பட்டனை அமத்தினேன். முடிந்தது என்று நினைத்தேன். ஆட்டத்தில் மகசீனை இழுத்தபோது பையும் சேர்ந்து வந்தது, பல்லாடுகிற மாதிரி ஆடிக்கொண்டு. பாய் பின்னுகிறது போலச் செய்ய வேண்டும். ரிக்கின் நாடா ஒன்று, பிறகு பையின் முதுகில் உள்ள நாடா ஒன்று, திரும்ப ரிக், திரும்பப் பை. நான் பையின் நாடாவைத் தொடவே இல்லை. அவிழ்த்து, வெண்ணெய்க் கத்தியின் மொட்டை முனையால் வாரைத் தள்ளித் தள்ளித் திரும்பப் பின்ன ஒரு பைக்கு இருபது நிமிடம் போனது. விரல் நுனி எரிந்தது. இப்போது பையைப் பிடித்துத் தூக்கினால் ரிக்கே தூக்குப்படுகிறது.

நாலு மகசீன் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வரிசை. ஏறக்குறைய ஓர் அடி அகலம். துவக்கில் ஒன்று இருப்பதால் மொத்தம் ஐந்து, 600 குண்டு. ஒரு சுற்றுக்கு நான் இருநூறு தாண்டியதில்லை. மூடிக்குப் பதில் இலாஸ்ரிக் கயிறு. படுத்தால் இப்போது நிலம் முட்டுகிறது.

பொருத்துவதில்தான் கன நேரம் போனது. ரீசேட்டோடு சரிபார்த்தால், குளிர் அங்கியோடு மூச்சு முட்டும். ஆகவே விளையாட்டு அங்கியைப் போட்டுக்கொண்டுதான் வாரை இழுக்க வேண்டும். மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, அந்த நிலையில் முதுகு வாரை இறுக்கினேன். உயரம், பையின் அடி விளிம்பு தொப்புளுக்கு நாலு விரல் மேலே. குனிந்து சப்பாத்துக் கட்ட முடிந்தால் உயரம் சரி.

ஆனால் தோள் வார் வழுகிக்கொண்டே இருந்தது. எனக்குத் தோள் ஒடுக்கம். பின்னால் எச் எழுத்து மாதிரி வரும் வார், ஓடும்போது இடப்பக்கம் கையில் விழும். ஒரு சனி பின்னேரம் ஹோலில் நின்று இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வந்தா.

“இதென்னடா, கோல்சரோ?”

அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனையோ வருசம். ஊரில் போராளிகள் நெஞ்சில் கட்டிய மகசீன் பையை அப்படித்தான் சொல்வார்கள். விளையாட்டுச் சாமான் என்றேன். பிளாஸ்ரிக் மகசீனைக் காட்டினேன். அவ கையில் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “பின்னாலை குறுக்கை விட்டுக் கட்டு. தோளாலை வழுகாது” என்றா. பிறகு, “வீட்டுக்கை போட்டுக்கொண்டு நிக்காதை” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனா.

பின் கிளிப் இரண்டையும் இடம் மாற்றிக் கொழுவினேன். வார் எக்ஸ் மாதிரிக் குறுக்கே வந்தது. அடுத்த ஞாயிறு முழுக்க ஒரு தரம்கூட வழுகவில்லை. வார் கழுத்துப் பக்கம் ஒதுங்கியதால், துவக்கின் அடிக்கட்டை தோள் குழியில் வாருக்கு மேல் ஏறாமல் நேராக உட்காருகிறது. கழுத்தில் கொஞ்சம் உரசுகிறது, அதற்கு ஒரு பழைய சால்வை போதும்.

மிஞ்சிய வார் நுனிகளைச் சுருட்டி இன்சுலேசன் ரேப் ஒட்டினேன். முன்னர் அவை முட்செடியில் கொழுவிக்கொண்டிருந்தன. ஈரத்தில் ரேப் கழன்றுவிட்டது. அடுத்த தடவை சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்டிப் போடப் போகிறேன். ரிக் இப்போது கராஜில், ஏணிக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. ஞாயிறு காலையில் பையில் போட்டு, காரின் டிக்கிக்குள் வைத்துவிட்டுத்தான் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டுப் புறப்படுகிறேன்.