ஒத்தி திருப்பிய கதை

மதுரையில் வீடு கேட்டுப் போனால் வீட்டுக்காரர் முதலில் கேட்பது "எத்தனை பேரு?" என்று அல்ல, "வாடகைக்கா, ஒத்திக்கா?" என்றுதான். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: ஒத்தி என்றால் ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருஷம் வாடகை இல்லாமல் குடியிருப்பது. காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்ப வரும், வட்டி கிடையாது. கேட்க இரண்டு பக்கமும் லாபம் போலத் தெரியும்.

என் மாமனார் சொத்து சேர்த்தது முழுக்க இந்த வழியில்தான். செல்லூரில் ஒரு காம்பவுண்டு, நடுவில் முற்றம், சுற்றி ஆறு வீடு. அந்த வீடுகளை ஒத்திக்கு விட்டு, வந்த பணத்தில் ஆனையூரில் இடம் வாங்கினார். அங்கே கீழே ஒன்று, மேலே இரண்டு என்று மூன்று வீடு கட்டி, கட்டுமானக் கடனை அடைக்க அந்த மூன்றையும் ஒத்திக்கு விட்டார். ஊர் அவரை ஒன்பது வீட்டுக்குச் சொந்தக்காரர் என்றது. 2018-இல் அவர் தவறிப்போனார். மேலூர்ப் பக்கத்து நிலம் கொழுந்தனாருக்கு, வீடுகள் எங்களுக்கு என்று பாகம் பிரிந்தது. அன்றிரவு நான் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதிப் பழகிய கை, சும்மா இருக்காது.

காம்பவுண்டில் ஐந்து வீடு தலா 3 லட்சத்துக்கு ஒத்தி. ஆனையூரில் மூன்றும் தலா 5 லட்சம். ஆக 30 லட்சம் நாங்கள் திருப்பித் தரவேண்டிய பணம். கைக்கு மாதாமாதம் வந்தது காம்பவுண்டில் மிச்சமிருந்த ஒரே ஒரு வீட்டின் வாடகை 4,500 ரூபாய். அதிலும் பாதி மோட்டாருக்கும் சாக்கடை அடைப்புக்கும் போய்விடும்.

கொழுந்தனாருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. "விடுங்க மதினி, இவுங்க போனா அடுத்து ஒரு ஒத்திக்காரவுங்க வருவாங்க. அவுங்க குடுக்கிறத இவுங்ககிட்ட குடுத்துட வேண்டியதுதான. அப்பா இருவது வருசமா இப்படித்தான ஓட்டுனாரு?" என்றார். ஓட்டினார் என்பது உண்மை. ஆனால் என்ன விலைக்கு ஓட்டினார் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

செல்லூர் வீட்டை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு 54,000 வரும். அதை விட்டுக்கொடுத்து நாம் வாங்கியிருப்பது 3 லட்சம். அதாவது வருஷத்துக்கு 18 சதவீதம், நம்மூர் பாஷையில் மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டி. ஆனையூர் வீட்டுக்கு அன்றைய வாடகை 7,500. அதை 5 லட்சத்தோடு வைத்துப் பார்த்தால் அங்கேயும் அதே ஒன்றரை. ஆக 30 லட்சத்துக்கு வருஷத்துக்கு 5,40,000 ரூபாய் வட்டி, கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. யாரும் வந்து கேட்டு வாங்காத வட்டி என்பதால் அது வட்டியாகவே தெரியாது. மூன்று வட்டி, நாலு வட்டிக்கு வாங்கிப் பழகிய ஊரில் ஒன்றரை வட்டி மலிவாகத் தோன்றியதிலும் ஆச்சரியமில்லை. கட்டடத்துக்குப் பிளான் அப்ரூவல் இல்லாதவர்கள், வங்கிப் பக்கமே போக முடியாதவர்கள் ஒத்தி வாங்குவது எனக்குப் புரிகிறது. எங்கள் காம்பவுண்டுக்கும் அப்ரூவல் கிடையாது. ஆனால் ஆனையூர்க் கட்டடத்துக்கு எல்லாக் காகிதமும் இருந்தது.

2019-இல் ஆனையூர்க் கட்டடத்தின் மேல் வங்கியில் 15 லட்சம் அடமானக் கடன் வாங்கினோம். சுமார் 10 சதவீத வட்டி, பத்து வருஷத் தவணை, மாதம் 19,800 சொச்சம். அந்தப் பணத்தில் மூன்று ஒத்தியையும் திருப்பினோம். இரண்டு குடும்பம் அதே வீட்டில் வாடகைக்கு இருக்கச் சம்மதித்தது, ஒன்று மட்டும் காலி செய்தது. மூன்று வீட்டு வாடகை 22,500 வந்தது. தவணை கட்டி, மிச்சத்தில் சொத்துவரியும் கட்ட முடிந்தது. "அதுக்கு இதுவும் கடன்தான" என்றார் கொழுந்தனார். கடன்தான். ஆனால் இந்தக் கடன் பத்து வருஷத்தில் செத்துப்போகும். ஒத்தி பத்து வருஷம் கழித்தும் முழுசாக 15 லட்சமாகவே உட்கார்ந்திருக்கும்.

காம்பவுண்டை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தபோது 2020 வந்தது. ஊரடங்கில் செல்லூர்த் தறிச் சத்தம் அடங்கியது. இரண்டு குடும்பம் சொந்த ஊருக்கே போவதென்று முடிவெடுத்து, ஒத்திப் பணத்தைக் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல வழியே இல்லை, கெடு முடிந்திருந்தது, பணம் அவர்களுடையது. மாமனாரின் முறைப்படி அடுத்த ஒத்திக்காரர் வரவேண்டும். அந்த வருஷம் மதுரையில் 3 லட்சத்தைத் தூக்கிக்கொண்டு புது வீடு தேடி யார் வருவார்கள்? சங்கிலி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அறுந்தது.

நகைதான் கைகொடுத்தது. அந்த ஆகஸ்டில் வங்கி நகைக்கடனுக்கு மதிப்பில் 75 சதவீதம் என்றிருந்த உச்சவரம்பை ரிசர்வ் வங்கி 90 ஆக்கியிருந்தது, அதனால் என் நகையோடு நின்றது, மகளுடையதைத் தொடவேண்டி வரவில்லை. 6 லட்சத்தையும் எண்ணிக் கொடுத்தோம். அந்த இரண்டு வீடும் நாலு மாதம் பூட்டிக் கிடந்தன. பிறகு வாடகைக்குப் போயின, 4,500 கேட்ட இடத்தில் 4,000-க்கு.

அடுத்த இரண்டு வீட்டுக்கு வேறு வழி பிடித்தோம்: பாதி ஒத்தி, பாதி வாடகை. 3 லட்சத்தில் ஒன்றரை லட்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாதம் 2,250 வாங்கிக்கொள்வது. குடியிருப்பவருக்கும் ஒரே நாளில் முழு வாடகை என்ற அடி விழாது, நமக்கும் முழுத் தொகையைப் புரட்டும் தொல்லை இல்லை. ஒரு வருஷம் கழித்து மீதியும் முடிந்தது. அவசரமாகப் பணம் புரட்ட முடியாதவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்.

இவ்வளவும் நடந்த பிறகுதான் புதிதாக வாங்கும் யோசனையே வந்தது. 2024-இல் நான் விருப்ப ஓய்வு வாங்கினேன். விளாங்குடியில் மாடியோடு ஒரு வீடு விலைக்கு வந்தது. புரோக்கர் முன்னால் நடக்க, வில்லங்கச் சான்று சுத்தமாகக் கையில் இருக்க, விற்பவர் "ரெண்டு வீட்டுலயும் வாடகைக்குத்தான் இருக்காங்க" என்று சொல்ல, வேலை முடிந்த மாதிரிதான். ஆண்கள் மாடியில் ஓதம் பார்க்கப் போன நேரத்தில் நான் கீழ்வீட்டு அடுப்படி வாசலில் நின்றேன். அந்தம்மா ஆட்டுக்கல்லில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். மிக்ஸி இல்லையா என்று கேட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"இங்க என்ன வாடகைம்மா?"

"வாடகையாக்கா? நாங்க ஒத்தி. அஞ்சு லட்சம். வர்ற மாசியோட கெடு முடியுது, சார் என்ன சொல்றாருன்னே தெரியல."

கல்லை நிறுத்திவிட்டு, உள்ளே போய் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த முத்திரைத்தாளை எடுத்து வந்து காட்டினார். நோட்டரி முத்திரை இருந்தது, பதிவு இல்லை. வில்லங்கச் சான்று ஏன் சுத்தமாக இருந்தது என்பது அதில் தெரிந்துவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் வில்லங்கத்தில் ஏறும். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானத்தைப் பதிவு செய்யவேண்டும் என்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. ஒத்தியும் ஒரு வகை அடமானம்தான், வீட்டைக் கைவசம் கொடுத்து வாங்கும் கடன். ஆனால் மதுரையில் பாதிக்கு மேல் வெறும் தாளில்தான் நடக்கிறது என்பது என் கண்பார்வைக் கணக்கு. வங்கிக்குத் தவணை கட்டாமல் வீட்டுக்காரர் போய்விட்டால், ஏல நோட்டீஸ் ஒட்டும் அன்றுதான் உள்ளே இருப்பவருக்கு விஷயம் தெரியும். அவர் கையில் இருக்கும் தாளை வங்கி ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாது.

அந்த 5 லட்சத்தை விலையில் கழித்து, கிரயத்தன்றே அந்தம்மா குடும்பத்துக்கு வங்கிக் கணக்கில் போடவைத்தோம். விற்பவருக்கு என் மேல் இன்னும் கோபம்தான். வீடு வாங்கப் போகிறவர்கள் பட்டா பாருங்கள், தாய்ப்பத்திரம் பாருங்கள், வில்லங்கம் பாருங்கள். கூடவே குடியிருக்கும் பெண்களிடம் பத்து நிமிஷம் பேசுங்கள்.

ஆக இப்போது பதினொரு வீடு. நிர்வாகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, சில பழக்கங்கள்தான். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். மதுரையில் ஐந்து, பத்து மாதம் கேட்பவர்கள் உண்டு. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் எழுதியிருப்பதும் மூன்று மாதம்தான். எனக்கு அதில் வேறு ஒரு வசதி: அட்வான்ஸும் அடுத்தவர் பணம், குறைவாக இருந்தால் திருப்புவது சுலபம். அதைத் தனி சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுவேன், கை வைப்பதில்லை. காலி செய்யும் அன்று மின் மீட்டரைப் படம் எடுத்து, குழாய்களைத் திறந்து பார்த்து, அன்று சாயங்காலமே பணத்தை அனுப்பிவிடுவேன். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடிக்கும் வழக்கம் எனக்கு இல்லை. ஐந்து வருஷம் குடியிருந்தால் சுவர் அழுக்காகத்தான் செய்யும்.

வாடகை வருமானத்தில் சொத்துவரி போக மிச்சத்தில் 30 சதவீதத்தை வருமான வரிச் சட்டமே கழித்துக் கொடுக்கிறது, ரசீது எதுவும் கேட்காமல். செல்லூர் ஓட்டுவீடுகள் அந்த முப்பதையும் தின்றுவிட்டு மேலும் கேட்கும். ஆனையூருக்குப் பத்துகூட ஆகாது. எதுவானாலும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகையை வருஷத்துக்கு ஒதுக்கிவிடுகிறேன், ஒன்று ரிப்பேருக்கு, ஒன்று காலியாகக் கிடக்கும் மாதத்துக்கு. ஆனி கடைசியில் காலி செய்தால் ஆடி முழுக்கப் பூட்டுதான், பால் காய்ச்ச ஒருவரும் வரமாட்டார்கள். அதனாலேயே நல்ல குடித்தனக்காரர்களுக்கு இருநூறு முந்நூறு குறைத்துக் கேட்பதில் எனக்கு வருத்தமில்லை.

காம்பவுண்டில் ஒரே ஒரு ஒத்தி இன்னும் இருக்கிறது. மூலை வீட்டு ஆச்சி. தனி ஆள். வாடகைக்கு மாறச் சொன்னபோது பிடிவாதமாக மறுத்துவிட்டார். "மூணு லட்சத்த என் கையில குடுத்தா, நாளைக்கே பேரன் வந்து நிப்பான். மாசாமாசம் வாடகைக்கு நான் எங்கத்தா போவேன்? அது உன்கிட்டயே கெடக்கட்டும்." அவர் பக்கத்துக் கணக்கு சரி. வங்கியில் போட்டால் அந்தப் பணத்துக்கு 7 சதவீதம் வந்தாலும் வருஷத்துக்கு 21,000, வாடகையோ 54,000. அவரை நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பத்திர அலுவலகத்துக்கு ஆட்டோவில் அழைத்துப் போய், அந்த ஒத்தியை முறைப்படிப் பதிவு செய்து கொடுத்தேன். முத்திரைச் செலவு என்னுடையது. பத்திரத்தை வாங்கிய கையோடு ஆச்சி கேட்டது, சாக்கடை மூடியை எப்போது மாற்றுவாய் என்று.

ஊமச்சிகுளம் பக்கம் ஒரு கட்டடம் மலிவாக வருகிறதாம், கொழுந்தனார் போன வாரம் வந்து சொன்னார். கீழ்வீட்டை 7 லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டால் முன்பணம் தேறிவிடுமாம். ஆனையூர்க் கடன் 2029-இல் முடிகிறது, அதற்கு முன் கேட்காதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். சாக்கடை மூடி மாற்றியாயிற்று.