தீபாவளி வரைக்கும்

அக்டோபர் 3, வெள்ளி

பட்டியலைப் பாதியாக வெட்டியாச்சு. எண்ணெய்க் குளியல், லேகியம், அதிரசம், ஒரு காரம், அம்மாவுக்குப் புடவை. மைசூர்பாகும் ரிப்பன் பக்கோடாவும் கடையில் வாங்கிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்தாக வேண்டும் என்பதில்தான் கடைசி இரண்டு நாள் சண்டையே ஆரம்பிக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

தம்பி டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்டில்.

அக்டோபர் 8, புதன்

துணிக்கு, மளிகைக்கு, வெடிக்கு, வேலைக்கு வரும் அக்கா போனஸுக்கு எனத் தனித்தனிக் கவர். போனஸ் கவரை முதலில் ஒட்டிவிட வேண்டும்; கடைசியில் கைவைக்கத் தோன்றுவது அதில்தான். கிரெடிட் கார்டில் 'மினிமம் டியூ' மட்டும் கட்டினால் மீதிக்கு மாதம் மூன்று சதவீதத்துக்கு மேலேயே வட்டி ஓடும். பொங்கல் வரை அந்தக் கவலை கூடவே வரும்.

அக்டோபர் 11, சனி

அதிரச மாவு இன்றே. ஒரு கிலோ மாவு பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்ப வேண்டும். கையில் பிடித்தால் ஈரம் தெரியணும், தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்த ஈரத்தோடே அரைத்துச் சலிக்கணும். காய்ந்த மாவு பாகை உறிஞ்சி அதிரசத்தைக் கல்லாக்கிவிடும். பாகைத் தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருட்ட வரணும். அந்தப் பதத்துக்கு முன்னால் இறக்கினால் எண்ணெயில் பிரிந்து போகும், தாண்டினால் பல்லைப் பதம் பார்க்கும். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் மாவைக் கொட்டிக் கிளறணும். ஏலக்காய், சுக்கு, மேலே நெய் தடவி மூடி வைத்தாச்சு. மூன்று நாளாவது ஊறட்டும். இன்றைக்கே செய்து வைப்பதில் பெரிய நிம்மதி: கெட்டுப்போனாலும் இன்னொரு தடவை செய்ய நாள் இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

மறுபடி மூன்று மணிக்கு முழிப்பு. வெயிட்டிங் லிஸ்ட் நகரவே இல்லை.

மத்தியானம் இரண்டுக்கு மேல் காபி கிடையாது. குடித்ததில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். இருபது நிமிஷம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் நாளைய வேலையைத் தாளில் எழுதிவிட்டுப் படுக்கணும். நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடணும்; விடும் மூச்சு நீளமாக இருந்தால் நெஞ்சுப் படபடப்பு அடங்கும். இதற்கும் மசியாமல் நாள்கணக்கில் மனசு அழுத்தினால் 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

அம்மாவின் சர்க்கரைதான் கவலை. எல்லாரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறார்கள். தீபாவளிக் காலையில் இறங்குவதுதான் பயம். குளியல், பூஜை, வருகிறவர்கள் என்று சாப்பாடு தள்ளிப்போகும். இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் வேர்வை, நடுக்கம். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, கால் மணி கழித்துத் திரும்பப் பார்க்கணும். லட்டு அதற்கு உதவாது; நெய் சர்க்கரையை மெதுவாக்கிவிடும். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 108.

வெல்லம் என்றால் ஏறாது என்று அத்தை சொல்வதும் சரியில்லை. ஒரு அதிரசம், அதுவும் சாப்பாட்டோடு.

அக்டோபர் 16, வியாழன்

தட்கல் ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. எடுக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியாச்சு. லிஸ்ட் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. கிடைத்த தட்கலை ரத்து செய்தால் காசு திரும்பாது. ஆன்லைன் வெயிட்டிங் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகாவிட்டால் தானே ரத்தாகிப் பணம் வந்துவிடும்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

சார்ட் வந்தாச்சு. ஆர்.ஏ.சி.! உட்கார்ந்தாவது வந்துவிடுவான்.

அக்டோபர் 18, சனி

வந்த அன்றைக்கே வீட்டுப் பங்குப் பேச்சு. யார் எடுத்தாலும் இதே பதில்: "பண்டிகை முடியட்டும். புதன்கிழமை காலை உட்கார்ந்து பேசுவோம்." நாளைக் குறித்துச் சொல்லணும். 'அப்புறம் பார்ப்போம்' என்றால் பேச்சு இன்னும் சூடாகும்.

அக்டோபர் 19, ஞாயிறு

லேகியம் கிளறியாச்சு. சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், மல்லி. நெய்யும் நல்லெண்ணெயும் பிரிந்து வரும்வரை கிளறி, ஆறின பிறகுதான் தேன். வெடி காலை ஆறு முதல் ஏழு, இரவு ஏழு முதல் எட்டு என்று பையன்களிடம் சொல்லியாச்சு. பாட்டி காதுக்குப் பஞ்சு.

அக்டோபர் 20, திங்கள்

நாலரை. வெந்நீர் போட்டாச்சு. அம்மாவுக்கு இட்லி தட்டில் வந்த பிறகுதான் மாத்திரை.