மூச்சைப் பிடிச்சே பழகின ஆக்களுக்கு

போன வருஷம் எங்கட ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில ஒரு தியான வகுப்பு வச்சவை, பக்கத்து வீட்டு அக்கா வரச்சொல்லிக் கேட்டவா எண்டு நானும் போனனான். கண்ணை மூடுங்கோ, மூச்சை உள்ள இழுங்கோ, அப்பிடியே பிடிச்சு வச்சிருங்கோ எண்டிச்சினம். பிடிச்சன். பத்து எண்ணுறதுக்குள்ள கை ரெண்டும் குளிர்ந்துபோச்சு, காதுக்குள்ள கூவத் தொடங்கிட்டுது, நான் மண்டபத்தில இல்லை, பங்கருக்குள்ள இருக்கிறன்.

2009ல, கடைசிப் போர் நேரம், எனக்கு 13 வயசு. மாத்தளன், பிறகு முள்ளிவாய்க்கால். கடற்கரை மணல் எண்டபடியா கிடங்கு வெட்டினா நிக்காது, அம்மா தன்ர சீலையளைக் கிழிச்சுப் பை தைச்சு மண் நிரப்பிச் சுத்திவர அடுக்கினவா, கூறைச்சீலையும் அதுக்குள்ள போனது. செல் கூவிக்கொண்டு வரேக்க எல்லாரும் மூச்சைப் பிடிப்பம், ஒருத்தரும் சொல்லித்தந்து இல்லை, எங்கயோ விழுந்து வெடிச்சாப் பிறகுதான் விடுறது, அதுக்குள்ள அடுத்தது கூவும். மண் பொலபொலவெண்டு கழுத்துக்குள்ள கொட்டும்.

வகுப்பு எடுத்தவையில எனக்குக் கோவம் இல்லை. திருமூலர் சொன்ன கணக்கிலயே 16 மாத்திரை (மாத்திரை எண்டது நேரத்தை எண்ணுற அளவு) இழுத்து, 64 மாத்திரை உள்ள நிப்பாட்டி (இதுதான் கும்பகம்), 32 மாத்திரை விடோணும். ஆனா அது குருவுக்குப் பக்கத்தில இருந்து ஆறுதலாப் பழகிற விஷயம், கும்பகத்தை எங்களை மாதிரி ஆக்களுக்கு முதல் நாளே குடுக்கக்கூடாது, இதை நான் பட்டுத்தான் சொல்லுறன்.

எனக்கு வழி காட்டினது எங்கட குசினிதான். மாரி நேரம், விறகு ஈரம், அம்மா இரும்புக் குழலால அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவா. மூக்கால சின்னதா ஒரு இழுவை, பிறகு குழலுக்குள்ளால நூல் மாதிரி நீளமா ஊதுவா, தணல் சிவந்து சிவந்து வரும். புகை கண்ணில பட்டு அவா எழும்ப, நான் குழலை வாங்கி ஊதினன். ஆறேழு தரம் ஊதியிருப்பன், தோள் ரெண்டும் தன்ர பாட்டில கீழ இறங்கிட்டுது.

பேந்துதான் வாசிச்சு விளங்கினது, மூச்சை இழுக்கேக்க இதயம் கொஞ்சம் வேகமா அடிக்குமாம், விடேக்க வேகஸ் நரம்பு அதை ஆறப்பண்ணுமாம், அதால விடுற மூச்சு நீண்டா உடம்பும் அடங்கும். இப்ப நான் விடிய வேப்பமரத்துக்குக் கீழ வெறுங்காலோட இருந்து நாலு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடுறன். நடுவில பிடிக்கிறேல்ல, கண்ணும் திறந்தபடிதான், கோழியளைப் பாத்துக்கொண்டிருப்பன். மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரில பாதிக்கப்பட்ட எங்கட சனத்துக்கு அவையவையின்ர பழக்கத்தில இருந்தே ஆறுதல் தேடோணும் எண்டு எழுதினவர், சைவக்காரருக்கு ஓம், வேதக்காரருக்கு செபமாலை, முஸ்லிம் ஆக்களுக்கு இறைவனை நினைச்சுத் திருப்பித் திருப்பிச் சொல்லுற திக்ர் எண்டு. சரியான கதை. செபமாலை சொல்லுற ஆச்சிமாரின்ர மூச்சை ஒருக்கா கவனிச்சுப் பாருங்கோ.

வேகமா மூச்சு விடுற பயிற்சியள் இப்ப யூடியூப் நிறையக் கிடக்கு, அதுகளை மட்டும் தனிய இருந்து செய்யாதேங்கோ, கரியமிலவாயு குறைஞ்சு தலை சுத்தும், விரல் விறைக்கும், பயந்த உடம்பு இன்னும் பயப்பிடும். நித்திரையே இல்லாத ஆக்கள் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கோ, நானும் மாசம் ஒருக்காப் போறனான், அதில வெக்கம் ஒண்டும் இல்லை.

வீட்டில எனக்குக் கோவக்காரி எண்டு பேர். மூச்சைப் பாக்கத் தொடங்கினாப் பிறகுதான் கண்டுபிடிச்சன், நான் கத்துறதுக்கு முதல் ஒவ்வொரு தரமும் மூச்சு நிண்டிருக்கும், மோட்டச்சைக்கிள் வெடிச்சாலும், இரவில போன் அடிச்சாலும். அது கோவமே இல்லை, பயம். இத்தனை வருஷமா எனக்கே தெரியாது.

முந்தநாள் அம்மா அடுப்படியில இருக்கேக்க கேட்டன், “அம்மா, பங்கருக்குள்ள நீங்களும் மூச்சைப் பிடிச்சனீங்களோ?”

குழலைக் கீழ வச்சிட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தவா. “எனக்குத் தெரியேல்ல பிள்ளை. நான் உங்கள் ரெண்டு பேரின்ர மூச்சையும்தான் பாத்துக்கொண்டிருந்தனான்.”