இங்கிலாந்தில் வாடகை டெபாசிட்: வீட்டுக்காரர் இழுத்தடித்தால்

காலி செய்த பிறகு "கார்பெட் போச்சு, பெயின்ட் போச்சு" என்று வீட்டுக்காரர் பட்டியல் நீட்டினால், உடனே சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் பணம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டெபாசிட் வாங்கிய 30 நாளுக்குள் அதை டெபாசிட் புரொடெக்‌ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம் ஆகிய மூன்று டெபாசிட் பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் பதிந்து, விவரத்தை உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும் என்பது சட்டம். மூன்று இணையதளங்களிலும் தேடிப் பாருங்கள். எதிலும் இல்லையா? பிடி உங்கள் கைக்கு வந்துவிட்டது. கவுன்ட்டி கோர்ட்டுக்குப் போனால், டெபாசிட்டைத் தவிர அதன் 1 முதல் 3 மடங்கு வரை தண்டமும் விதிக்கலாம். இதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் போனாலே பல வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள். வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில் அறை எடுத்துத் தங்கியவர்களுக்கு இது பொருந்தாது. ஸ்காட்லாந்தில் விதிகள் வேறு.

பதிந்திருந்தால், அந்தத் திட்டத்திலேயே இலவசமாக முறையிடலாம். பொதுவாக 3 மாதத்துக்குள் செய்ய வேண்டும். பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நான் சேதப்படுத்தவில்லை என்று நிரூபிப்பது உங்கள் வேலை அல்ல. சேதம் நடந்தது, அதற்கு இவ்வளவு செலவு என்று காட்டும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. குடிவந்த நாளின் பொருள் பட்டியலும் படங்களும் அவரிடம் இல்லையென்றால், முன்பு வீடு எப்படி இருந்தது என்று அவரால் சொல்லவே முடியாது. இயல்பான தேய்மானத்துக்குப் பணம் பிடிக்கக் கூடாது. உண்மையிலேயே சேதம் இருந்தாலும் பழசுக்குப் புதுசு கிடையாது: 10 ஆண்டு உழைக்கும் 800 பவுண்டு கார்பெட்டுக்கு 7 வயதாகிவிட்டால், கேட்கக்கூடியது ஏறக்குறைய 240 பவுண்டு. சுத்தம் செய்யாமல் போவதுதான் உங்களை மாட்டிவிடும். அடுப்பின் உட்புறத்தையும் குளியலறைப் பூஞ்சையையும் விட்டுவிடாதீர்கள். சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் படம் எடுங்கள், மீட்டர் அளவையும் சேர்த்து.

கடைசி மாத வாடகையை டெபாசிட்டில் கழித்துக்கொள்ளச் சொல்லும் யோசனை வேண்டாம். அது வாடகை பாக்கியாகத்தான் கணக்கில் வரும். பிடித்தத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் தகராறு என்றால், மீதியை இப்போதே விடுவிக்கும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் பேசியதை யாரும் சாட்சியாக எடுக்க மாட்டார்கள். நாட்டை விட்டே கிளம்புகிறீர்கள் என்றால், பணம் வந்து சேரும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூட வேண்டாம்.